நட்டில்லாமல் தொங்கிய அடியிரும்பு

— இறங்கலையே மாப்ள.

— இறங்கும் அத்தான். படகு கவிழாம இருக்க அடியில மாட்டின அடியிரும்பு மட்டுமே ரெண்டு டன். நட்டு மொத்தத்தையும் கழட்டியாச்சு. இனிமே அது எங்க போகும், மேலயா போகப் போகுது?

— மேலதான் போயிருக்கு. குனிஞ்சு பாரு. கிரேன்காரர் படகை நாலு விரக்கடை தூக்கினார். கணக்குப்படி இரும்பு அடியில வச்ச கட்டை மேலேயே உக்காந்திருக்கணும், படகு மட்டும் தனியா எழும்பணும். ரெண்டும் சேர்ந்து எழும்பிடுச்சு. கட்டைக்கும் இரும்புக்கும் நடுவுல என் கை போகுது.

— முதல்ல கையை வெளிய எடுங்க அத்தான். நட்டில்லாம தொங்குற இரும்புக்கு அடியில கையை விடுறீங்க, வாத்தியார்னு பேரு. ஏதாவது ஆச்சுன்னா எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

— உன் அக்கா நான் இங்கதான் நிக்கிறேன், டீயோட. என்னங்க, கையை எடுங்க. டேய் தம்பி, என்னடா தொங்குது?

— அடியிரும்பு அக்கா. ஒரே வார்த்தையில சொல்றேன், விசித்திரம். போல்ட்டுல ஒரு நட்டு கிடையாது. கிரேன் பெல்ட்டு படகைத்தான் பிடிச்சிருக்கு, இரும்பை எதுவுமே பிடிக்கலை. ஆனா விழ மாட்டேங்குது.

— படகும் இரும்பும் சேர்ற மூட்டுல இருக்கிற பழைய பசை பிடிச்சிருக்கு. வேற என்ன.

— ஒழுகுற மூட்டு இப்படிப் பிடிக்குமா அத்தான்?

— ஒரு பக்கம் பிடிச்சிருக்கும், ஒரு பக்கம் விட்டிருக்கும். விட்ட இடத்தைப் பார்த்தா அது யார் வேலைன்னு தெரிஞ்சு போயிடும் மாப்ள. அதுக்காகத்தானே இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்.

— நானும்தான் அத்தான். நானும்தான்.

— இறக்கித்தான் ஆகணுமா? மேலாப்புல பட்டி பார்த்து விட்டுடலாமே.

— அக்கா, மறுபடியும் ஆரம்பிக்காத. நேத்தெல்லாம் இதையேதான் சொன்ன. அத்தான் வருஷா வருஷம் பட்டி பார்க்கிறார், வருஷா வருஷம் உள்ள தண்ணி வருது. சோதனைக்கு வர்றவர் இந்தத் தடவை என்ன சொன்னார்? படகுக்குள்ள அடிப்பலகைக்குக் கீழ இருக்கிற உள்பள்ளத்துல ஒரு டம்ளர் தண்ணி நின்னாலும் தீவைச் சுத்துற போட்டியில கிழவியைச் சேர்க்க மாட்டேன்னாரா இல்லையா?

— கிழவின்னு சொல்லாதடா. துறைமுகத்துல மத்தவங்க சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நம்ம படகை நாமளே சொல்லலாமா?

— செல்லமாத்தான் சொல்றேன். கிழவின்னு சிரிச்சவன் எல்லாம் போன போட்டியில உன் பின்னாடிதானே வந்தான். அந்த வெள்ளைத் தொப்பிக்காரன் இருக்கானே, புதுப் படகு, புதுப் பாய், பாயைச் சுருட்ட ஒரு ஆளு, அவிழ்க்க ஒரு ஆளு. அவனே கடைசி வரைக்கும் உன் முதுகைப் பார்த்துக்கிட்டுத்தான் வந்தான்.

— இருந்தும் நான் ரெண்டாவதுதானேடா வந்தேன்.

— ஏன் ரெண்டாவது? நீ சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு அது இதுன்னு கத்துற. நாங்க ரெண்டு பேரும் பாயைப் பார்க்காம, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பலகையைத் திறந்து தண்ணி ஏறுதா ஏறுதான்னு எட்டிப் பார்த்து, பக்கெட்டும் கையுமா இருந்தோம். அந்த நேரத்துக்குப் பாயைப் பிடிச்சிருந்தா நீ முதலாவது.

— உன் தம்பி வாழ்க்கையில சரியாச் சொன்ன ஒரே விஷயம் இதுதான். அதாவது, கணக்கு இப்படி. கிரேன் நமக்கு இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். இரும்பை இறக்கணும், பழைய பசையைச் சுரண்டணும், புதுசு தடவணும், திரும்ப ஏத்தணும். காய ஒரு வாரம். அதுக்கு அப்புறம் சோதனை. இன்னிக்கு இறங்கலைன்னா இந்த வருஷம் உனக்குப் போட்டி கிடையாது.

— வாத்தியார் ஐயா, எனக்குத் தெரியாததையா பாடம் எடுக்கிறீங்க? தெரியும். எல்லாம் தெரியும். டீயைக் குடிங்க, ஆறுது.

— அக்கா ஏன் காலையில இருந்து ஒரு மாதிரியாவே இருக்க? அடுத்த வாரம் கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கணும் நீ.

— ஒண்ணுமில்லடா. வெயில்.

— வெயில்தான். நட்டைக் கழட்டவே பாதி நாள் போச்சு. நீயே பார்த்தியே. ஒவ்வொண்ணும் கல்லு. ஸ்பேனர் பிடியில ஆள் நீளத்துக்குப் பைப்பைச் சொருகி, நானும் அத்தானும் ஒண்ணா அதுல தொங்கினாத்தான் கொஞ்சம் அசைஞ்சுது. ஒரே வார்த்தையில சொல்றேன், வெறும் ஸ்பேனரை வச்சு மனுஷன் இப்படி டைட் பண்ண முடியாது. இது பைப்பு போட்டு டைட் பண்ணினது.

— போட்டது நீ.

— சத்தியமா இல்ல அத்தான். அப்ப எனக்குச் சொந்தமா ஒரு ஸ்பேனர் பெட்டியே கிடையாது. பைப்புக்கு எங்க போவேன்?

— அப்ப நானா? நான் வீட்டுல பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன்.

— சரி, பாட்டு ஆரம்பிச்சாச்சு. எனக்கு இது மனப்பாடம். இந்த இரும்பை மாட்டப் பசை தடவின அன்னிக்கு நீங்க, பாதி இறுக்கிட்டு ஒரு ராத்திரி விடணும்னீங்க. இவன், அப்பவே முழுசா டைட் பண்ணணும்னான். பேச்சு முத்திச்சு. இவன் ஸ்பேனரை விட்டெறிஞ்சுட்டுப் போனான். நீங்க துணியை விட்டெறிஞ்சுட்டுப் போனீங்க.

— துணியை எறியலை. வச்சேன்.

— வச்சது வந்து என் மூஞ்சியில விழுந்துச்சு. நான்தானே அங்க நின்னேன்.

— அதை விடு. மாப்ள, நான் சொன்னதுல என்ன தப்பு? ஈரப் பசையை அப்பவே முழுசா இறுக்கினா மொத்தமும் ஓரத்துல பிதுங்கி வெளிய வந்துடும். ரெண்டு ரொட்டிக்கு நடுவுல ஜாமைத் தடவிட்டு அது மேல ஏறி உக்காந்தா நடுவுல என்ன மிஞ்சும்? மூணாம் நாள் வந்து பார்க்கிறேன், நட்டெல்லாம் முழுசா இறுக்கியிருக்கு. யார் வேலை? கோபத்துல போனவன் அன்னிக்கே திரும்பி வந்து ஆத்திரத்துல பண்ணின வேலை. போட்டிக்குப் போனோம், படகு சாய்ஞ்சுது, தண்ணி வந்துச்சு. கணக்கு நேரா இருக்கு.

— கோணலா இருக்கு. நானும் மூணாம் நாள்தான் வந்தேன். வந்து பார்த்தா டைட்டா இருக்கு. சரி, வாத்தியார் மனசு மாறி வந்து பண்ணிட்டுப் போயிருக்கார், வாயைத் திறந்து சொல்லக் கௌரவம் தடுக்குதுன்னு நானும் கேக்கலை. ஒழுகினதும் எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டீங்க. போன வருஷம் விருந்துல அத்தனை பேர் நடுவுல, "என் மச்சினன் முறுக்கினா ஒழுகத்தான் செய்யும்"னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மெக்கானிக் அத்தான் நான். என் பொழப்பே நட்டு. அதுக்கப்புறம் ரெண்டு பேர் வண்டியை வேற கடையில விட்டுட்டாங்க.

— அது தமாஷுக்குச் சொன்னது.

— உங்களுக்குத் தமாஷ். அதனாலதான் சொல்றேன், இன்னிக்கு இது இறங்கணும். இறங்கி, நான் இல்லைன்னு தெரியணும்.

— டேய், போதும். போதும். என்னங்க, நீங்களும் விடுங்க. இறக்குறதுன்னா இறக்குங்க.

— முன்பக்கம் ஆப்பு அடிக்கலாம் அத்தான். துருக்கறை வழிஞ்சிருக்கு பாருங்க, அந்த இடம். விட்டிருந்தா அங்கதான் விட்டிருக்கும்.

— மெதுவா. ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆயிடப் போகுது.

— யாரு குரங்கு, நீங்களா நானா?

— ரெண்டு பேரும்தான். வாலைப் பத்திரமா வச்சுக்குங்க.

— சிரிக்காத அக்கா. கிரேன் அண்ணே, படகை அப்படியே பிடிச்சுக்குங்க, நான் அடிக்கப் போறேன். அத்தான், நீங்க தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி.

— போகுதா?

— நுனி உள்ள போச்சு. இல்ல, போகலை. ஆப்புதான் நசுங்குது. மரக்கட்டை பஞ்சு மாதிரி பிரியுது, மூட்டு அசையலை.

— இரும்பு ஆப்பு அடி.

— அடிச்சா படகு பிளக்கும். ரம்பம் குடுங்க. அந்த நீளப் பிளேடு.

— இதுவா? இது என்ன இப்படி வளைஞ்சு கிடக்கு? எங்க வீட்டுத் திரைக் கம்பி மாதிரி.

— வீட்டுத் திரைக் கம்பியை எதுக்குங்க இங்க இழுக்கிறீங்க?

— பின்ன? திரையை எந்தப் பக்கம் தள்ளினாலும் நடுவுல வந்து குவியுது. ரெண்டு ஓரத்துலயும் வெயில் என் கண்ணுல அடிக்குது. புதுசு மாட்டித் தர்றேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மாட்டேங்குறா மாப்ள.

— அது இருக்கிற மாதிரியே இருக்கட்டும். அதுல கை வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன்ல.

— பார்த்தியா மாப்ள? இந்த வீட்டுல எனக்கு இருக்கிற அதிகாரம் இவ்வளவுதான்.

— உங்க வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்குங்க அத்தான். டார்ச்சை இங்க அடிங்க. பட்டி உதிருது. அப்படியே ஓடு ஓடா வருது. நீங்க வருஷா வருஷம் அப்பினது.

— அதுக்குப் பின்னால என்ன தெரியுது?

— இருங்க, துடைக்கிறேன். கறுப்பா இருக்கு.

— கருகிப் போச்சா?

— இல்ல அத்தான். பளபளன்னு இருக்கு. புது டயர் மாதிரி. விரலால அமுக்கினா அமுங்கி, திரும்ப எழும்புது.

— துரு? துரு எவ்வளவு ஆழம் போயிருக்கு?

— போகவே இல்ல. பட்டியோட நின்னுடுச்சு. பட்டிதான் வெடிச்சிருக்கு, அந்த வெடிப்புல தண்ணி நின்னு, மேல இருக்கிற இரும்பு மட்டும் துருப்பிடிச்சு வழிஞ்சிருக்கு. பசைக்குள்ள ஒரு பொட்டுத் துரு கிடையாது.

— பிளேடை உள்ள விட்டுப் பாரு.

— விடுறேன். ஒரு விரல் கணு போச்சு. அவ்வளவுதான். இழுக்கிறேன், வர மாட்டேங்குது. கடிச்சுக்கிச்சு அத்தான். உடும்புப் பிடி.

— பின்பக்கம் பார்ப்போம். வா.

— பின்பக்கமும் இதே கதைதான்.

— அந்தப் பக்கம் நடுவுல?

— அங்கேயும்தான். சுத்திச் சுத்திப் பார்த்தாச்சு, ஒரு நூல் போற இடம் இல்ல. ஒரே வார்த்தையில சொல்றேன் அத்தான். இந்த மூட்டு ஒழுகலை. ஒழுகினதே இல்ல.

— ரெண்டு டன் மாப்ள.

— ரெண்டு டன். நட்டில்லாம.

— இத்தனை போட்டியில அலை அடிச்சிருக்கு. ஒரு தடவை மணல் திட்டுல ஏறி இடிச்சோம்.

— இடிச்சோம். நான் மூக்குல அடிபட்டு விழுந்தேன். இது அசையலை.

— கிரேன்காரர் என்னமோ சொல்றாரே.

— "என் சர்வீஸ்ல இப்படி ஒரு மூட்டை நான் தூக்கினதில்ல"ங்கிறார். நட்டைக் கழட்டினா எல்லாம் தொப்புனு வந்துடுமாம். பக்கத்துப் பட்டறை ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து காட்டட்டுமான்னு கேக்கிறார்.

— காட்டட்டும். தாராளமாக் காட்டட்டும். அந்த வெள்ளைத் தொப்பிக்காரன் இருந்தா அவனையும் வரச் சொல்லு. வந்து குனிஞ்சு பார்த்துட்டுப் போகட்டும்.

— என்னங்க, நெஞ்சு ரொம்ப நிமிருது?

— நிமிராதா பின்ன? பசை தடவினது யாரு? சும்மா இல்லம்மா, ரெண்டு தடவை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, தூசி படாம வாயைக் கட்டிக்கிட்டுத் தடவினேன். கோலக் கோடு மாதிரி ஒரே சீரா.

— நீங்க தடவினீங்க, யார் இல்லேங்கிறா? ஆனா பசை மட்டும் இருந்தா ஆச்சா அத்தான்? டைட் பண்ணின விதம்னு ஒண்ணு இருக்குல்ல. நடுவுல ஆரம்பிச்சு, மாத்தி மாத்தி ஓரத்துக்குப் போயிருக்கான். அதுவும் பசை ஈரமும் இல்லாம, முழுசாக் காயவும் காயாம, ரப்பர் பதத்துக்கு வந்த நேரம் பார்த்துப் பண்ணியிருக்கான். அதான் பிதுங்கவும் இல்ல, விடவும் இல்ல. கை தேர்ந்தவன் வேலை இது.

— கை தேர்ந்தவன்தான். பொறுமைசாலியும் கூட.

— அத்தான், இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது. ஒத்துக்குறேன். மறுநாள் வந்து டைட் பண்ணினது நான்தான்.

— என்னது?

— நான்தான். மனசு கேக்கலை. வந்தேன், பண்ணினேன், போயிட்டேன்.

— இப்ப கொஞ்சம் முன்னாடி சத்தியம் பண்ணினியே மாப்ள.

— அது அப்ப.

— பொய் சொல்லாத. இறுக்கினது நான்.

— நீங்க பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தீங்க.

— திருத்தி முடிச்சுட்டு வந்தேன். கணக்குப் பேப்பர், சீக்கிரம் முடிஞ்சிடும்.

— ஏதேது. நேத்து வரைக்கும் இந்த மூட்டு வேண்டாத பொண்டாட்டி. கை பட்டா குத்தம், கால் பட்டா குத்தம். நான் தொடலை, நீதான் தொட்டேன்னு ஆளுக்கொரு பக்கம் தள்ளினீங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் உரிமை கொண்டாடுறீங்களா? வெக்கமா இல்ல?

— அதாவது, நான் என்ன சொல்றேன்னா...

— நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மூட்டு ஒழுகலைன்னா அந்தத் தண்ணி எங்கேருந்து வருது?

— வேற எங்கேயாவது ஓட்டை இருக்கணும் அக்கா. சுக்கான் தண்டு பக்கம்...

— தம்பி, காலையில பள்ளத்துலேருந்து மொண்டு வச்ச தண்ணி இருக்கா? போன ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு ஓட்டினப்ப வந்தது.

— ஏணிக்குப் பக்கத்துல, பக்கெட்டுல இருக்கு. எதுக்கு?

— ருசி பார்க்கணும்.

— உனக்கென்ன பைத்தியமா? எண்ணெய், துரு, செத்த கரப்பான்பூச்சி எல்லாம் அதுல இருக்கு.

— இருக்கட்டும்ங்க. கடல் தண்ணின்னா கரிக்கணும்ல? இத்தனை வருஷத்துல நம்ம மூணு பேர்ல ஒருத்தராவது ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்தோமா? உங்களுக்கு இவன் மேல சந்தேகம், இவனுக்கு உங்க மேல சந்தேகம். தண்ணி மேல யாருக்கும் சந்தேகம் வரலை.

— அக்கா, வேண்டாம். சொன்னாக் கேளு. ஐயய்யே. துப்பு, துப்பு.

— தண்ணி பாட்டிலைக் குடு மாப்ள. வாயைக் கொப்புளி. என்ன, ஏன் அப்படியே நிக்கிற? கரிக்குதா?

— இல்லீங்க.

— இல்லையா?

— உப்பே இல்லீங்க. நல்ல தண்ணி. அழுக்கு நல்ல தண்ணி.

— சரியாப் பார்த்தியா?

— இந்த நாக்குக்குக் கடல் தண்ணி தெரியாதா? அலை அடிக்கிறப்பல்லாம் குடிச்சுக்கிட்டுத்தானே சுக்கான் பிடிக்கிறேன்.

— அக்கா, நீ ஏன் அழற?

— அழலைடா. எண்ணெய் நெடி.

— எண்ணெய் நெடிக்கு இப்படி யாரும் சிரிச்சுக்கிட்டே அழ மாட்டாங்க.

— விடு மாப்ள, அவளைக் கேக்காத. நல்ல தண்ணின்னா எங்கேருந்து? மழை பெய்ஞ்சு மாசக் கணக்காச்சு. குடிதண்ணித் தொட்டியை நாம ரொப்புறதே இல்ல.

— கட்டிப் போட்டிருக்கிறப்ப ஒரு சொட்டு வராது. போட்டி அன்னிக்கும் ஒத்திகை அன்னிக்கும் மட்டும்தான் வரும். அந்த நாள்ல மட்டும் படகுல என்ன கூடுதலா இருக்கு அத்தான்?

— நாம மூணு பேரும். பாய். சாப்பாடு.

— சாப்பாட்டை எதுல வைக்கிறோம்?

— ஐஸ் பெட்டியில.

— ஐஸ் பெட்டி.

— மூட்டை மூட்டையா ஐஸைத் தோள்ல சுமந்துட்டு வர்றது யாரு மாப்ள? சோடா சில்லுனு இல்லைன்னா துரைக்கு இறங்காதே.

— அந்தப் பெட்டிக்கு அடியில ஓட்டை போட்டு ட்யூப் விட்டது யாரு அத்தான்?

— விட்டேன். ட்யூபுக்கு அடியில ஒரு கேனும் வச்சேன். உருகுற தண்ணி முழுக்க கேன்ல விழுற மாதிரி, கணக்கா அளந்து வச்சேன்.

— கேனா?

— கேன்.

— மஞ்சக் கேனா அத்தான்? மூடி இல்லாதது?

— ஏன் கேக்கிற? எங்க இருக்கு அது?

— என் கடையில இருக்கு. பழைய ஆயில் ஊத்தி வச்சிருக்கேன். முதல் போட்டிக்கு முன்னாடியே, சும்மா கிடக்குதேன்னு எடுத்துட்டுப் போனேன்.

— பழி ஓரிடம் பாவம் ஓரிடம்ங்கிறது சரியாப் போச்சு. ஒரு கேனால என் ஆயுசுல பாதி சந்தேகத்துலேயே போச்சு.

— நீங்க மட்டும் என்ன? அந்த ட்யூப் நேரா உள்பள்ளத்துலதான் ஒழுகுதுன்னு ஒரு நாள் குனிஞ்சு பார்த்தீங்களா? வெளியில நின்னு பட்டி மட்டும் பார்த்தீங்க.

— போதும், போதும். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்குங்க, இல்லைன்னா ஒருத்தர் கால்ல ஒருத்தர் விழுங்க. எதையாவது பண்ணித் தொலைங்க. எனக்கு அடுத்த வாரம் சோதனை இருக்கு.

— அக்கா, சோதனையாவது ஒண்ணாவது. ட்யூபுக்கு அடியில கேனை வச்சுட்டா ஆச்சு. முன்பக்கம் நாம அறுத்த அந்த ஒரு கணு ஆழத்துக்கு மட்டும் புதுப் பசையை அமுக்கிடலாம். இரும்பை இறக்கவே வேண்டாம். நட்டைத் திரும்பப் போட்டு டைட் பண்ணினா முடிஞ்சுது. அவர் வரட்டும், பள்ளத்துல நாக்கை வச்சு நக்கிப் பார்க்கட்டும், தூசிதான் ஒட்டும்.

— இந்த வருஷம் பாயை விட்டு நான் நகர மாட்டேன். நீ சுக்கானைப் பிடி, நாங்க ரெண்டு பேரும் பாயைப் பிடிக்கிறோம். வெள்ளைத் தொப்பிக்காரன் தொப்பியை எடுத்துட்டு நிக்கணும்.

— அத்தான், பட்டறை ஆளுங்க வந்துட்டாங்க. அடேயப்பா, ஒரு கூட்டமே வருது. கிரேன் அண்ணன் பொருட்காட்சி மாதிரி கூட்டிட்டு வர்றார். அங்க பாருங்க, ஒருத்தர் தரையில படுத்தே பார்க்கிறார். யார் பண்ணின மூட்டுன்னு கேக்கிறாங்க.

— நான்னு சொல்லு.

— நான்னு நான் சொல்றேன்.

— பசை என்னுது மாப்ள.

— டைட் என்னுது அத்தான்.

— ஒரு நிமிஷம். தம்பி, அவங்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு. பசை தடவினது இவர்தான், அதுல சந்தேகமே இல்ல, நான் கண்ணால பார்த்தேன். கடைசி முறுக்கு முறுக்கினது யாருன்னு இப்பவே முடிவு பண்ணிடலாம். என்னங்க, நீங்க எதை வச்சு முறுக்கினீங்க?

— ஸ்பேனரை வச்சு. வேற எதை வச்சு?

— நீ?

— நானும்... ஸ்பேனரை வச்சுத்தான்.

— வெறும் ஸ்பேனரா?

— பைப்பு போட்டேன்.

— என்ன பைப்பு?

— ஏதோ ஒரு பைப்பு அக்கா. பட்டறையில கிடந்துச்சு.

— நானும் ஏதோ ஒரு பைப்புதான். அவ்வளவு பழைய விஷயம் யாருக்கு ஞாபகம் இருக்கு? நீ ஏன் வக்கீல் மாதிரி கேள்வி கேக்கிற? முறுக்குற வேலையைப் பத்தி உனக்கென்ன தெரியும்? உன் உடம்புக்கு அந்த ஸ்பேனர் அசையக் கூட அசையாது.

— அசையலைதாங்க. நீங்க எறிஞ்ச துணி என் மூஞ்சியில, இவன் எறிஞ்ச ஸ்பேனர் என் காலடியில, நடுவுல நான் நின்னேன். ரெண்டு பேரும் அவ்வளவு சத்தம் போட்டீங்களே, பசை டப்பாவை ஒருத்தராவது திருப்பிப் பார்த்தீங்களா? எப்ப முறுக்கணும், எங்க ஆரம்பிக்கணும்னு அதுலேயே போட்டிருந்துச்சு. மறுநாள் மத்தியானம் நான் தனியா வந்தேன். பள்ளத்துல மண்டி போட்டு, நடுவுலேருந்து மாத்தி மாத்தி முறுக்கினேன். சாயங்காலம் கையைத் தூக்க முடியலை. அப்புறம் தண்ணி வந்துச்சு. ஐயோ, நான் முறுக்கித்தான் கெட்டுப் போச்சுன்னு வாயை மூடிக்கிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினப்பல்லாம் எழுந்து டீ போடப் போயிடுவேன். இன்னிக்கு அது நட்டில்லாம தொங்குறதை ஊரே படுத்துப் பார்க்குது. தம்பி, யார் பண்ணின மூட்டுன்னு கேக்கிறாங்கல்ல, அக்கான்னு சொல்லு. என்னங்க, நீங்க ஒரு எட்டு வீட்டுக்குப் போங்க. ஜன்னல்ல வளைஞ்சு தொங்குதே, அது கம்பி இல்ல, பைப்பு. திரையை உருவிட்டு அதை எடுத்துட்டு வாங்க, நட்டையெல்லாம் நான் திரும்ப முறுக்கணும்.